விசில் போர்டைக் கண்டதும் ஏன் நெஞ்சு படபடக்கிறது?

ரயில் ஓட்டும் லோகோ பைலட்டுகளில் பலர் பணிக்காலத்தில் ஒரு 'ரன் ஓவரை'யாவது, அதாவது ரயிலில் ஆள் அடிபடுவதைக் கண்டிருப்பார்கள். தண்டவாளத்தில் ஆள் நிற்பது தெரிகிறது. ஹாரன் அடித்து, எமர்ஜென்சி பிரேக்கும் போட்டாகிவிட்டது. ஆனால், 100 கி.மீ. வேகத்தில் ஓடும் ரயில் நிற்பதற்குப் பல நூறு மீட்டர் தூரம் வேண்டும். வண்டியை ஒதுக்கித் திருப்பவும் வழியில்லை. நடக்கப்போவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

சில வாரங்கள் கழித்து அதே வழித்தடத்தில் டூட்டி. லெவல் கிராசிங்குக்கு முன்னால், ஹாரன் அடிக்கச் சொல்லும் விசில் போர்டு வருகிறது. பாதையில் யாருமில்லை. ஆனாலும் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. அந்த போர்டு இப்போது ஒரு 'ட்ரிகர்', அதாவது பழைய அதிர்ச்சியை உசுப்பிவிடும் தூண்டுதல்.

இதைக் கோழைத்தனம் என்று நினைப்பது பெருந்தவறு. பேராபத்து நேரும்போது, அந்தக் கணத்தில் சுற்றியிருந்த ஓசை, வெளிச்சம், இடம் ஆகியவற்றையும் மூளை ஆபத்தோடு முடிச்சுப் போட்டுவிடுகிறது. பிறகு அவற்றில் ஒன்று எதிர்ப்பட்டாலே, அமிக்டலா என்ற பகுதி முந்திக்கொண்டு உடலை உஷார்ப்படுத்துகிறது. யோசித்து நிதானிக்கும் பகுதி அதற்குப் பிறகுதான் விழிக்கிறது. அதனால்தான் 'தைரியமாக இரு' என்ற அறிவுரை அங்கே எடுபடுவதில்லை.

அந்த நேரத்தில் மூச்சை நிதானமாக, நீளமாக வெளியே விடலாம். பாதம் தரையில் அழுந்துவதைக் கவனிக்கலாம். கூட இருக்கும் அசிஸ்டென்ட் லோகோ பைலட்டிடம் உடனே சொல்லிவிடுவது பாதுகாப்புக்கும் நல்லது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இது தணிந்துவிடும். கெட்ட கனவு, தூக்கமின்மை, அந்த இடத்தையே தவிர்க்கும் எண்ணம் ஆகியவை ஒரு மாதத்தைத் தாண்டியும் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதற்குப் பலன் தரும் உளவியல் சிகிச்சைகள் இருக்கின்றன. அரசின் மனநல உதவி சேவையான 'டெலி மானஸை' 14416 என்ற இலவச எண்ணில் அழைத்து, தமிழிலேயே பேசலாம்.

மற்றது நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. ரன் ஓவரைச் சந்தித்த பைலட்டை அதே வண்டியில் தொடர்ந்து அனுப்பாமல் மாற்று ஆள் தர வேண்டும். அவர் பணிக்குத் திரும்பி வரும்போது முதல் சில நாட்கள் அனுபவசாலி ஒருவரை உடன் அனுப்ப வேண்டும். நடந்ததைத் தோண்டித் துருவாமல், 'எது சிரமமாக இருக்கிறது, எதை மாற்றினால் உதவும்?' என்று கேட்டால் போதும். மருத்துவமனையோ வங்கியோ, எந்தப் பணியிடத்துக்கும் இது பொருந்தும். வேலையில் பட்ட காயத்துக்கு மருந்திடும் பொறுப்பு, வேலை கொடுத்தவருக்கும் உண்டு.