கம்புக்கு ஏன் கௌரவக் குறைச்சல்?

மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் 'சாக்ரி' என்றொரு தயிர் இனிப்பு உண்டு. கம்பு மாவைச் சிறு மணிகளாக உருட்டி ஆவியில் வேகவைத்து, ஆறியதும் கெட்டித் தயிரில் கலந்து, உலர்ந்த திராட்சையும் ஜாதிக்காய்த் தூளும் சேர்க்கிறார்கள். விசேஷ நாட்களில் விருந்தினருக்குக் கொடுக்கும் பண்டம் அது.

கம்பு பிறந்ததே ஆப்பிரிக்காவில்தான்; ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இந்தியா வந்து சேர்ந்தது. தீட்டிய அரிசியைவிட அதில் நார்ச்சத்தும் இரும்புச் சத்தும் அதிகம். ஆனால் பிழைக்க வந்த நம்மவர்களில் பலர், ஊரில் குடித்த கம்பங்கூழைச் சொல்லவே வெட்கப்படுகிறார்கள். சம்பள நாளில் பாகில் ஊறிய மிட்டாய்க்கே காசு போகிறது.

'பாஜ்ரா' என்று கேட்டால் இங்கே கம்பு கிடைக்கும், தயிருக்கும் பஞ்சமில்லை. செனகல்காரர் தாராளமாகப் போடும் சர்க்கரையை மட்டும் குறைத்துக்கொண்டால், பிள்ளைகளுக்கு நல்ல பண்டம். ஏழைத் தானியம் என்ற இளக்காரத்தை விட்டால் போதும்.