வீட்டிலிருந்தே டொலர் உழைப்பவர்கள் யார்?



பூவரசங்குளத்துச் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கம்பியூட்டரில் சின்னச் சின்ன வேலை செய்து டொலர் உழைக்கலாம் என்கிறார்களே, அதைச் செய்பவர்கள் யார்? எனக்கும் சரிவருமா?"

படத்தில் இருப்பது என்னவென்று குறிப்பது, பற்றுச்சீட்டைப் பார்த்து எழுதுவது போன்ற வேலைகள்தாம் இவை. 2005இல் அமேசன் நிறுவனம் இதற்கென ஒரு சந்தை தொடங்கி, 'மெக்கானிக்கல் டர்க்' என்று பெயரிட்டது. 1770இல் வியன்னாவில் காட்டப்பட்ட சதுரங்க இயந்திரத்தின் பெயர் அது. தலைப்பாகை கட்டிய துருக்கிப் பொம்மை தானே விளையாடுவதுபோல் தெரியும். பெட்டிக்குள் ஒரு மனிதர் ஒளிந்திருப்பார். (மோசடிக்கும் நம்மவர் தலைப்பாகைதான் கிடைத்தது, பாருங்கள்!)

2010ஆம் ஆண்டு ஆய்வொன்றில், இந்த வேலையாட்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அமெரிக்கர், மூன்றிலொருவர் இந்தியர். 2014இல் நடந்த இன்னோர் ஆய்வில் தமிழும் மலையாளமும் பேசுவோர் நிறைய இருந்தது தெரியவந்தது. காரணம் வறுமை மட்டுமல்ல. ஆங்கிலம் தெரிய வேண்டும், கூலியும் கைக்கு வர வேண்டும். அந்த ஆண்டுகளில் கூலி காசாகக் கிடைத்தது டொலரிலும் இந்திய ரூபாயிலும் மட்டுமே. ஏனைய நாட்டவருக்கு அமேசன் கடையில் மட்டும் செல்லுபடியாகும் பரிசுக் கூப்பன்! அதை வைத்து வவுனியாச் சந்தையில் அரிசி வாங்க முடியுமா?

இன்னொன்றும் கவனியுங்கள். அமெரிக்காவில் செய்தவர்களில் பெண்களே அதிகம், இந்தியாவில் ஆண்கள். நம் வீடுகளில் கம்பியூட்டரும் வங்கிக் கணக்கும் யார் கையில் இருக்கின்றன என்று யோசித்தால் காரணம் விளங்கும். ஆனால் கல்கத்தாவின் மெட்டியாபுருசில் 'ஐமெரிட்' என்ற நிறுவனத்தின் நிலையத்தில் நம் முஸ்லிம் பெண்களே பெருமளவில் இவ்வேலை செய்கிறார்கள், சம்பளத்துக்கு. எண்ணிக்கைக்குக் கூலி பெறுவதைவிட அது எவ்வளவோ மேல். ஏனென்றால், மெக்கானிக்கல் டர்க்கில் வேலை கொடுத்தவர் "சரியில்லை" என்று தள்ளிவிட்டால் கூலி கிடையாது. செய்த வேலை அவரிடமே இருக்கும். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது!

சகோதரிக்குச் சொல்கிறேன். பதிவுப் பணம் கேட்பவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அமெரிக்காவின் பகல் நமக்கு இரவு. சுபஹு வரை விழித்திருக்க உடம்பு இடங்கொடுக்குமா என்று பாருங்கள். இலங்கைக்குப் பணம் எப்படி வரும் என்பதை முதலில் விசாரியுங்கள். கணக்கை நானாவின் பெயரில் திறக்காமல் உங்கள் பெயரிலேயே திறவுங்கள். பெண் உழைத்தது பெண்ணுக்கே உரியது என்பதற்கு ஸூரத்துன் நிஸாவின் 32ஆம் வசனத்தை நானாவிடமே காட்டலாம்.