பொங்கல் பானையில் ஆங்கில இலக்கணம்!

ஆங்கில இலக்கண வகுப்பு என்றதும் பிள்ளைகளின் முகம் வாடிவிடுகிறது. ஏன்?

"கோ, வென்ட், கான்" என்று வினைச்சொல்லின் மூன்று வடிவங்களையும் மாணவன் கடகடவென்று ஒப்பிக்கிறான். பரீட்சையில் கோடிட்ட இடத்தை நிரப்பி மார்க்கும் வாங்குகிறான். ஆனால், "நேற்று எங்கே போனாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டுப் பாருங்கள். விழிக்கிறான்!

சொல் அவனிடம் இருக்கிறது. அதை வாக்கியத்தில் வைத்துப் பேசிய பழக்கம்தான் இல்லை.

இது சின்ன விஷயம் அல்ல. தமிழ்நாட்டில் 1968-ம் ஆண்டு முதல் இரு மொழிக் கொள்கை நடைமுறையில் இருக்கிறது. தமிழும் ஆங்கிலமும்தான் அந்த இரு மொழிகள். 2025 ஆகஸ்டு மாதம் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் இதை உறுதி செய்தது. 2012-13 கல்வி ஆண்டிலிருந்து அரசுப் பள்ளிகள் பலவற்றில் ஆங்கில வழி வகுப்புகளும் தொடங்கப்பட்டன.

படித்த வீட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலம் காதில் விழ ஒரு வழி இருக்கிறது. கூலி வேலைக்குப் போகும் தாய் தந்தையின் பிள்ளைக்கு? வகுப்பறையை விட்டால் வேறு இடம் இல்லை. அந்த ஒரு மணி நேரமும் ஒப்பிப்பதிலேயே கழிந்துவிட்டால், அந்தப் பிள்ளை எங்கே போய்ப் பேசிப் பழகும்?

பண்டிகை எதற்கு?

மனதில் சொல்ல ஏதாவது இருந்தால்தான் வாய் திறக்கும். பண்டிகை வந்தால் பிள்ளைகளிடம் சொல்ல ஆயிரம் கதை இருக்கும். கெட்டிக்கார ஆசிரியர் இதைப் பிடித்துக்கொள்ளலாம்.

பொங்கலையே எடுத்துக்கொள்வோம். பள்ளிகளில் விடுமுறைக்கு முன்பே பொங்கல் விழா கொண்டாடுவது வழக்கம். இங்கே முக்காலமும் தானாகவே கிடைத்துவிடுகிறது.

விழாவுக்கு முந்தைய நாள் எதிர்காலம். "டுமாரோ வீ வில் குக் பொங்கல்" என்று பிள்ளைகள் திட்டம் போடட்டும். அரிசி யார் கொண்டுவருவது, கோலம் யார் போடுவது என்று ஆளுக்கு ஒரு வாக்கியம்.

விழா அன்று நிகழ்காலம். பானை பொங்கும்போதே, "வீ ஆர் குக்கிங். ஷீ இஸ் டிராயிங் எ கோலம்" என்று பார்த்ததைப் பார்த்தபடி சொல்லட்டும்.

விடுமுறை முடிந்து திரும்பிய அன்று இறந்த காலம். "ஐ வென்ட் டு மை வில்லேஜ். ஐ சா த புல்ஸ்." இப்போது அந்த "வென்ட்" வெறும் மனப்பாடச் சொல் அல்ல. தாத்தா ஊருக்குப் போன சொல்!

தமிழ் கைகொடுக்கும்

ஆங்கிலம் கற்பிக்கத் தமிழே துணையாக வருவதையும் பாருங்கள்.

"ஹவ் மெனி", "ஹவ் மச்" இரண்டுக்கும் வித்தியாசம் புரியாமல் தவிக்கும் மாணவர்கள் ஏராளம். ரம்ஜான் மாதத்து நோன்புக் கஞ்சியைச் சொல்லிப் புரிய வைக்கலாம். "கஞ்சிக்கு எத்தனை வெங்காயம்? எவ்வளவு அரிசி?" என்று கேளுங்கள். எண்ணக்கூடியதற்கு "எத்தனை", அளக்கக்கூடியதற்கு "எவ்வளவு". அதே கணக்குதான்! "ஹவ் மெனி ஆனியன்ஸ்? ஹவ் மச் ரைஸ்?" பெரும்பாலும் இந்த வழி ஒத்துவரும்.

வேறுபாடும் உண்டு. நாம் "கதவுக்கு மேலே" என்கிறோம். இடத்தைக் காட்டும் சொல் பின்னால் வருகிறது. ஆங்கிலத்தில் அது முன்னால் வந்துவிடும்: "அபவ் த டோர்." கிறிஸ்துமஸ் காலத்தில் ஒரு காகித நட்சத்திரம் போதும். அதை மேசைக்கு அடியில், நாற்காலிக்குப் பின்னால், இரண்டு பைகளுக்கு நடுவில் என்று மாற்றி மாற்றி வைத்து, "வேர் இஸ் த ஸ்டார்?" என்று கேட்டால் வகுப்பே கூவிப் பதில் சொல்லும்.

இவற்றுக்கெல்லாம் பெரிய செலவு கிடையாது.

புது யோசனையா?

இல்லை. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ்.பிரபு, 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு சோதனை நடத்தினார். அதற்குப் "பெங்களூர் திட்டம்" என்று பெயர். இலக்கண விதியைச் சொல்லிக் கொடுக்காமல், வரைபடத்தில் வழி கண்டுபிடிப்பது, ரயில் கால அட்டவணை பார்ப்பது போன்ற வேலைகளைக் கொடுத்தார். கருத்தில் மனம் ஈடுபட்டால் இலக்கணம் தானே படியும் என்பது அவர் கொள்கை.

முடிவு என்ன? வேலைகளைச் செய்து காட்டும் பரீட்சையில் அந்த மாணவர்கள் முந்தினார்கள். இலக்கண அமைப்பைக் கேட்கும் பரீட்சையிலோ பழைய முறையில் படித்தவர்கள் முந்தினார்கள். எதைப் பழக்குகிறோமோ அதுதான் வரும் என்பதே இதில் கிடைக்கும் பாடம்.

தமிழ்நாட்டிலும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, பின்பு மாநிலம் முழுவதும் பரவியது. கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டு ஏற்பட்ட இழப்பை ஈடுகட்ட, 2022 ஜூன் மாதம் "எண்ணும் எழுத்தும்" திட்டம் வந்தது. தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றையும் ஆடல் பாடலோடு சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்கும் திட்டம் அது.

சின்ன வகுப்பில் இருக்கும் இந்தக் கலகலப்பு, மேல் வகுப்புக்குப் போகப் போகக் குறைந்துவிடுகிறது. காரணம் பொதுத்தேர்வு. எழுத்துப் பரீட்சையில் மார்க் வாங்குவதே குறி என்றால், பேச வைக்க ஆசிரியருக்கு நேரம் ஏது? ஆசிரியரை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. பேச்சுக்கும் போதிய மார்க் கிடைத்தால் வகுப்பும் தானே மாறும்.

கூத்தாக மாறக்கூடாது

ஓர் எச்சரிக்கையும் தேவை. பண்டிகை என்ற பெயரில் வெறும் ஆட்டமும் கைதட்டலுமாக மணி அடித்துவிட்டால், அது பாடம் ஆகாது. ஒரு பண்டிகைக்கு ஒரே ஓர் இலக்கணம் போதும். பேசியதில் 5 வாக்கியங்களையாவது பிள்ளைகள் நோட்டில் எழுதவேண்டும். விதியை அதன் பிறகு ஆசிரியர் எடுத்துச் சொன்னால் பசுமரத்தாணிபோலப் பதியும். முன்வரிசைப் பிள்ளைகளே பேசிக்கொண்டிருக்காமல், கடைசி வரிசைப் பிள்ளைக்கும் ஒரு வாக்கியம் கிடைக்கவேண்டும்.

பெற்றோரும் உதவலாம். "எங்களுக்கு ஆங்கிலம் தெரியாதே!" என்று தயங்கவேண்டாம். பண்டிகைப் பலகாரம் செய்யும்போது, "இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வாய், கண்ணு?" என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னாலும் சிரிக்காதீர்கள். சிரித்தால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். மூடிய வாயைத் திறப்பது, இலக்கணம் கற்பிப்பதைவிடக் கஷ்டம்!