காரின் திரைக்கு யார் உரிமையாளர்?

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டது. என் காரில் உள்ள வழிகாட்டிக் கருவிக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை. மதுரைக்குப் புறப்படும் உறவினரைப் பேருந்து ஏற்றிவிட வேண்டுமென்றால், அது இன்றும் என்னைக் கோயம்பேட்டுக்கே போகச் சொல்கிறது. அதன் கணக்கில் தென்காசி இன்னும் திருநெல்வேலி மாவட்டத்து ஊர். மயிலாடுதுறை நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கிறது. 32 மாவட்டங்கள் 38 ஆனது அதற்குத் தெரியாது.

2012-இல் நான் வாங்கிய கார் அடிப்படை ரகம். பாட்டுப் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி மட்டுமே இருந்தது. மூன்றாண்டுகள் கழித்து, சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு கடையில் 22,000 ரூபாய் கொடுத்து, தொடுதிரையும் வழிகாட்டி வசதியும் கொண்ட ஸ்டீரியோவைப் பொருத்திக்கொண்டேன். கடைப் பையன் மூடியைக் கழற்றி, கம்பிகளை இணைத்து, திரையை உள்ளே தள்ளி வேலையை முடிக்க ஒன்றரை மணி நேரம்தான் ஆயிற்று. பாட்டும் பண்பலையும் இன்றுவரை பழுதில்லை. வரைபடத்துக்கு இரண்டு ஆண்டுகள் புதுப்பிப்பு வந்தது, பிறகு நின்றுவிட்டது. விற்ற நிறுவனம் அந்த ரகத்தையே கைவிட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.

இது ஒரு முதியவரின் சொந்தக் குறை மட்டுமாக இருந்தால் இங்கே எழுத வேண்டியதில்லை. நாம் விலை கொடுத்து வாங்கும் பொருளின் எந்தப் பகுதி நமக்குச் சொந்தம், எந்தப் பகுதி விற்றவரின் கையிலேயே தங்கிவிடுகிறது என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது. இந்தியக் குடும்பம் ஒன்று வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெரும் தொகை செலவிடும் பொருள் பெரும்பாலும் கார்தான். ஆகவே இக்கேள்வி சிறியதன்று.

குறிகை பொது, வரைபடம் தனியார்

என் பழைய கருவியிடம் ஒரு விந்தையைக் காண்கிறேன். தான் எங்கே இருக்கிறது என்பதை அது இன்றும் பிழையின்றிச் சொல்கிறது. அங்கே என்ன இருக்கிறது என்பதுதான் அதற்குத் தெரியவில்லை. காரணம் எளிது. இருப்பிடத்தைச் சொல்பவை செயற்கைக்கோள்கள். அமெரிக்காவின் ஜி.பி.எஸ். குறிகையில் பொதுமக்களுக்கெனத் திட்டமிட்டுச் சேர்க்கப்பட்டிருந்த பிழை 2000 மே மாதத்தில் நீக்கப்பட்டது; அதன் பிறகுதான் கார்களில் இக்கருவிகள் பெருகின. இந்தக் குறிகையை ஒருவர் பெறுவதால் இன்னொருவருக்குக் குறைந்துவிடுவதில்லை. அதற்குக் கட்டணமும் இல்லை. பொருளியலில் பொதுப் பண்டம் என்று நாங்கள் வகுப்பில் விளக்குவதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

வரைபடம் அப்படிப்பட்டதன்று. அது தனியார் நிறுவனத்தின் சரக்கு. சாலைகள் மாற மாற அதைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும், திருத்துவதற்குச் செலவாகும். ஏற்கெனவே விற்றுவிட்ட கருவிக்காக அந்தச் செலவைத் தொடர்ந்து செய்ய விற்றவருக்கு எந்த ஊக்கமும் இல்லை. கருவி பதினைந்து ஆண்டு உழைக்கும். அதற்குள் இருக்கும் தகவல் மூன்றே ஆண்டில் பழசாகும். இந்த இரு ஆயுள்களுக்கும் இடைப்பட்ட நட்டம் வாங்கியவர் தலையில் விழுகிறது. அப்படி விழும் என்பதை விற்பனையின்போது யாரும் அவரிடம் சொல்வதில்லை.

ஓர் அளவுகோல் உருவாக்கிய சந்தை

இருந்தாலும், எனக்கு ஒரு வழி இருக்கிறது. நாளைக்கே அந்தத் திரையைக் கழற்றிவிட்டு வேறொரு நிறுவனத்தின் திரையை மாட்டிக்கொள்ளலாம். இதைச் சாத்தியமாக்கியது ஜெர்மனியில் வகுக்கப்பட்ட ஒரு தர அளவு. 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். இதுவே பிறகு ஐ.எஸ்.ஓ. 7736 என்ற பன்னாட்டுத் தரமாயிற்று. இரட்டை அளவுத் திரைக்கு உயரம் ஏறத்தாழ 100 மில்லிமீட்டர். கார் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும், பெட்டி எந்த நாட்டில் செய்யப்பட்டிருந்தாலும் இரண்டும் பொருந்தும்.

இந்தச் சிறிய செவ்வகம் உருவாக்கிய பொருளாதாரம் பெரிது. கார் செய்பவரும் பாட்டுப் பெட்டி செய்பவரும் தனித்தனியே போட்டியிட்டார்கள். விலை குறைந்தது, தரம் கூடியது. பொருத்திக் கொடுக்கும் ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு வேலை கிடைத்தது. கார் வானொலியின் வரலாறே இப்படித்தான் தொடங்கியது. 1930-இல் அமெரிக்காவின் கால்வின் சகோதரர்கள் எந்தக் காரிலும் பொருத்தக்கூடிய வானொலியைச் செய்து, அதற்கு மோட்டோரோலா என்று பெயரிட்டார்கள். அவர்கள் கார் உற்பத்தியாளர்கள் அல்லர்.

கடந்த ஆண்டு என் மகள் வாங்கிய காரில் அந்தச் செவ்வகம் இல்லை. முகப்புப் பலகை முழுவதும் ஒரே கண்ணாடித் திரை. பாட்டு, வழிகாட்டி, பின்புறக் கேமரா, குளிர்சாதனம், கதவுப் பூட்டின் அமைப்புகள் எல்லாம் அதற்குள் அடக்கம். அதைக் கழற்றினால் காரின் பாதிச் செயல்பாடு நின்றுபோகும். இணைய வசதிகள் மூன்று ஆண்டுக்கு இலவசம். பிறகு ஆண்டுச் சந்தா. 2023-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு படி மேலே சென்று, தன் புதிய மின்சாரக் கார்களில் நம் கைப்பேசியின் திரையைக் காரில் காட்டும் கார்பிளே போன்ற வசதிகளைக் கைவிடப்போவதாக அறிவித்தது. திரை யார் வசமோ, வாடிக்கையாளரும் அவர் வசம் என்பதை நிறுவனங்கள் நன்றாகவே புரிந்துகொண்டிருக்கின்றன.

உத்தரவாதம் என்னும் அச்சம்

மகள் பின்பக்க ஒலிபெருக்கிகளை மட்டும் வெளியே மாற்றிக்கொள்ள விரும்பினாள். “வெளியில் கைவைத்தால் வாரண்டி போய்விடும், மேடம்” என்றார் சேவை மைய ஊழியர். எந்த விதியின்படி என்று நான் கேட்டேன். அவர் எடுத்துக் காட்டிய உத்தரவாதப் புத்தகத்தில் எழுதியிருந்தது வேறு. வெளியில் பொருத்திய சாதனத்தால் ஏற்படும் பழுதுக்கு உத்தரவாதம் பொருந்தாது என்பதே அதில் இருந்தது. அது நியாயமான நிபந்தனை. ஒலிபெருக்கியை மாற்றியதற்காக எஞ்சினுக்கான உத்தரவாதமும் போய்விடும் என்பது முற்றிலும் வேறு. அச்சிட்ட விதிக்கும் வாய்வழி மிரட்டலுக்கும் இடையிலான இந்த வேறுபாட்டை நூற்றில் எத்தனை பேர் படித்துப் பார்ப்பார்கள்? மகளே அதன்பின் தயங்கினாள், ஒலிபெருக்கிகளை மாற்றவில்லை.

இந்தியப் போட்டி ஆணையம் இதைப் பற்றி 2014 ஆகஸ்டிலேயே பேசியிருக்கிறது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் திறந்த சந்தைக்குத் தராமல் முடக்கியதாக 14 கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தனியார் பணிமனைக்குச் சென்றார் என்பதற்காகவே உத்தரவாதத்தை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றும் அறிவுறுத்தியது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. பத்தாண்டுகளுக்கும் மேல் கடந்த பிறகும், ஆணையம் கண்டித்த அதே அச்சம் சேவை மையங்களின் வரவேற்பு மேசைகளில் உயிரோடு இருக்கிறது.

அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்–மாஸ் சட்டம், குறிப்பிட்ட நிறுவனத்தின் பாகத்தையோ சேவையையோ பயன்படுத்தினால்தான் உத்தரவாதம் என்று நிபந்தனை விதிப்பதைப் பொதுவாகத் தடைசெய்கிறது. 1992-இல் கோடக் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இன்னொரு முக்கியமான கருத்தை ஏற்றது. ஒரு பொருளின் முதல் விற்பனையில் போட்டி இருந்தாலும், விற்ற பிந்தைய பழுதுநீக்கச் சந்தையில் அந்நிறுவனம் ஆதிக்கம் செலுத்த முடியும். காரைத் தேர்ந்தெடுக்கும் வரையில்தான் நாம் அரசர்கள். வாங்கிய மறுநாளே சிறைப்பட்ட வாடிக்கையாளர்கள்.

நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுநீக்கும் உரிமைக்கான குழுவை அமைத்தது; அவ்வாண்டு டிசம்பரில் இணையத்தளமும் தொடங்கியது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள் ஆகியவற்றோடு மோட்டார் வாகனங்களும் அதில் இடம்பெற்றன. நல்ல தொடக்கம்தான். ஆனால், தகவல் தருமாறு நிறுவனங்களைக் கேட்டுக்கொள்வதும் தகவல் தருவதைச் சட்டக் கடமையாக்குவதும் ஒன்றல்ல.

மறுதரப்பின் நியாயம்

நிறுவனங்கள் சொல்வதில் உண்மையே இல்லை என்று கூறமாட்டேன். பழைய காரில் ஸ்டீரியோ தனித்த பெட்டி. இன்றைய காரில் திரையும் பிரேக்கும் எஞ்சினும் ஒரே மின்னணு வலையமைப்பில் பேசிக்கொள்கின்றன. தரமற்ற இணைப்பால் மின்கசிவு நேரலாம், தீப்பிடிக்கலாம். 2015-இல் இரு அமெரிக்க ஆய்வாளர்கள், ஓடிக்கொண்டிருந்த ஜீப் ஒன்றின் கட்டுப்பாட்டைத் தொலைவிலிருந்தே கைப்பற்றிக் காட்டினார்கள். அவர்கள் நுழைந்த வாசல் அந்தக் காரின் கேளிக்கைத் திரைதான். ஏறத்தாழ 14 லட்சம் வாகனங்கள் திரும்ப அழைக்கப்பட்டன. ஆனால், அந்தத் திரை தெருக்கடையில் பொருத்தியதன்று. ஆலையிலேயே பொருத்தி வந்தது. பாதுகாப்புக்குத் தேவை தரமும் வெளிப்படையான சோதனையும். ஆலையின் முத்திரை அவற்றுக்கு ஈடாகாது.

திரை நம்மைப் பற்றித் திரட்டும் தகவலும் கவனத்துக்குரியது. 2023-இல் மொசில்லா அறக்கட்டளை 25 கார் நிறுவனங்களின் தனியுரிமைக் கொள்கைகளை ஆராய்ந்தது, ஒன்றுகூடத் தேறவில்லை. என் சகோதரியின் மகன் வாங்கிய பழைய காரின் திரையைத் திறந்தபோது, முந்தைய உரிமையாளரின் தொலைபேசித் தொடர்புகளும் ‘வீடு’ என்று குறிக்கப்பட்ட முகவரியும் அப்படியே இருந்தன. பதிவுச் சான்றிதழில் பெயர் மாற்ற ஒரு நடைமுறை இருக்கிறது. நினைவகத்தை அழிக்க எந்த நடைமுறையும் இல்லை. எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முழுமையாக நடைமுறைக்கு வர மேலும் அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அந்த அவகாசத்திலாவது கார்களைப் பற்றி யோசிக்க வேண்டும்.

உயிர் தொடர்பான கேள்வி

2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, ராம்கங்கை ஆற்றின் மீதிருந்த முற்றுப்பெறாத பாலத்திலிருந்து கார் விழுந்து மூவர் இறந்தனர். அவர்கள் வழிகாட்டிச் செயலியை நம்பிச் சென்றதாகச் செய்திகள் கூறின. பாலத்தின் ஒரு பகுதி முந்தைய ஆண்டு வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டிருந்தது. செயலிக்கு அது தெரியவில்லை. சாலையிலும் போதிய தடுப்பு இல்லை. வழக்கில் பொதுப்பணித் துறைப் பொறியாளர்களோடு வரைபட நிறுவனத்தின் அதிகாரியும் சேர்க்கப்பட்டார். வரைபடம் பிழையானால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியை நம் சட்டம் எதிர்கொள்ளத் தொடங்கியிருக்கிறது. ஒரு பாலம் மூடப்பட்டதென்ற தகவல் அரசு அலுவலகக் கோப்பில் மட்டும் இருந்தால் எந்த வரைபடமும் தானாகத் திருந்தாது.

என்ன செய்யலாம்? சில எளிய வழிகள் உண்டு. வரைபடத்துக்கும் மென்பொருளுக்கும் எத்தனை ஆண்டு புதுப்பிப்பு கிடைக்கும் என்பதை, எரிபொருள் சிக்கனத்தைப் போல, விற்பனையின்போதே எழுத்தில் அறிவிக்கச் செய்ய வேண்டும். வெளிச் சாதனத்தால்தான் பழுது ஏற்பட்டது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பை நிறுவனத்தின் மீது வைக்க வேண்டும். திரையின் இணைப்பு விவரங்களைப் பதிவுபெற்ற பணிமனைகளுக்கு நியாயமான கட்டணத்தில் வழங்கவும், அப்பணிமனைகளின் இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி நிலையங்கள் வழியே பயிற்சியும் சான்றும் அளிக்கவும் வேண்டும். பெயர் மாற்றத்தின்போது தரவை அழித்ததற்கான உறுதிமொழியைக் கேட்கலாம். மூடப்பட்ட சாலைகள், பாலங்கள் பற்றிய விவரத்தை அரசுத் துறைகள் அன்றன்றே திறந்த தரவாக வெளியிட வேண்டும். இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு ஆகாது.

இந்தியாவை முறைப்படி அளந்த பெரும் முக்கோண அளவைக்கான அடிக்கோடு 1802-இல் சென்னை பரங்கிமலை அருகேதான் லாம்டனால் இடப்பட்டது. ஆட்சியாளர்களின் தேவைக்காகத் தொடங்கிய அந்த அறிவு நெடுங்காலம் அரசின் இரும்புப் பெட்டியில் இருந்தது. 2021 பிப்ரவரியில்தான் மத்திய அரசு, இந்திய நிறுவனங்கள் முன்அனுமதியின்றி வரைபடம் தயாரிக்கலாம் என்று கதவைத் திறந்தது. அரசின் பெட்டியிலிருந்து வெளிவந்த வரைபடம் நிறுவனங்களின் பெட்டிக்குள் போய் அடைந்துவிடக் கூடாது.

என் பழைய திரையை இதுவரை மாற்றவில்லை. வழிக்குக் கைப்பேசியையும் பாட்டுக்கு அதையும் பயன்படுத்திக்கொள்கிறேன். விரும்பினால் அடுத்த வாரமே ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போய் மாற்றிவிட முடியும். ஒன்பது லட்சம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கிய காரில் என் மகளுக்கு அந்த உரிமை இல்லை.