மின்னூற் பிழை

பழைய தமிழ்ப் புத்தகங்களை எடுத்துப் பார்ப்போர், அவற்றின் ஈற்றிலேனும் முகப்பை அடுத்தேனும் 'பிழையும் திருத்தமும்' என்று தலைப்பிட்ட ஓர் ஏட்டைக் காண்பர். பக்கம் இது, வரி இது, பிழை இது, திருத்தம் இது என நான்கு பத்தியாக அமைந்த அவ்வேடு, அச்சேறிய பின் கண்ட குற்றத்தைப் பதிப்பாசிரியர் தாமே ஒப்புக்கொண்டதற்குச் சான்றாகும். ஈயத்தில் எழுத்துக் கோத்துத் தாளில் ஏற்றிய பிறகு அவர் வேறு செய்வதற்கில்லை. இக்காலத்து மின்னூலுக்கோ அவ்விடர் இல்லை. வெளியிடுமுன் பிழையை எடுத்துக் காட்டும் கருவியும் உண்டு. காட்டிய பிழையைக் கோப்பிலேயே தீர்த்தற்கு வழியும் உண்டு. அங்ஙனமிருந்தும், கருவி ஒரு குற்றத்தைச் சுட்டியவுடன் அஃது எங்கிருந்து வந்தது என்று ஆராயாது, சுட்டும் வாயை அடைத்தற்கே வழி தேடும் வழக்கம் நம்மிடையே பரவி வருகின்றது. அவ்வழக்கம் தகாது என்பதே நாம் ஈண்டுக் கூற விரும்புவது. நாமும் அவ்வழியிற் சென்று நாணியவர்களே யாதலின், பிறரைப் பழிக்கும் எண்ணம் நமக்கில்லை.

மின்னூல் என்பது யாது? வாசிப்போர் கண்ணுக்கு அஃது ஒரே கோப்பாகத் தோன்றினும், உள்ளே திறந்து நோக்குவார்க்குப் பல கோப்புக்களை அடக்கிய ஒரு பெட்டியே ஆகும். ஈபப் என்னும் அமைப்பைப் பற்றியே பேசுகின்றோம். ஜிப் முறையிற் கட்டிய அப்பெட்டியினுள் முதலாவதாக 'மைம்டைப்' என்னும் சிறு கோப்பு இருத்தல் வேண்டும். பெட்டி இன்ன வகையினது என்று அறிவிக்கும் 20 குறிகளன்றி வேறொன்றும், ஒரு வெற்றிடமுங்கூட, அதனுள் இருத்தல் ஆகாது. ஏனைய கோப்புக்களைப்போல் அதனைச் சுருக்கிக் கட்டுதலும் ஆகாது. அதன் பின்னர் அத்தியாயங்கள், படங்கள், எழுத்துருக்கள் முதலியன இருக்கும். அவை அனைத்தையும் பெயர் சொல்லி எண்ணும் பட்டியல் ஒன்று. எதன்பின் எதனை வாசித்தல் வேண்டும் என்னும் வரிசை ஒன்று. நூற்பெயர், மொழி, அடையாளம் ஆகியவற்றைக் கூறும் பகுதி ஒன்று. பட்டியலிற் சொன்னது பெட்டியில் இல்லாவிடினும், ஓர் அத்தியாயம் சுட்டிய இடம் சுட்டியவாறு இல்லாவிடினும் பிழையாம்.

இவற்றையெல்லாம் ஒத்துப் பார்ப்பதற்கு ஈபப்செக் என்னும் கருவி விலையின்றிக் கிடைக்கின்றது. ஈபப் விதிகளை முன்னர் வகுத்த சர்வதேச மின்பதிப்புச் சங்கம் 2017-ஆம் ஆண்டில் டபிள்யூ3சி என்னும் வலைக் கூட்டமைப்போடு இணைந்தது. அக்கூட்டமைப்பின் சார்பில், பார்வையற்றோர் முதலியோர்க்குப் புத்தகம் கிட்டுமாறு உழைத்துவரும் டெய்சி கூட்டமைப்பு இக்கருவியைப் பேணி வருகின்றது. இக்கருவியைக் காப்போர் யாவர் என்பதை வாசகர் மனத்திற் கொள்வாராக. பின்னர் வருவதற்கு அது வேண்டும்.

நிற்க. நம் சஞ்சிகையின் பழைய இதழ்களினின்றும் தெரிந்தெடுத்த கட்டுரைகளை மின்னூலாக வெளியிடுதற்கு மாணவர் சிலரும் ஆசிரியர் சிலரும் கூடி ஒரு சிறு குழுவாக முயன்றோம். கட்டுரைகளுக்கு உரிய குறிப்புக்கள் நூறுக்கு மேற்பட்டவை. அவையனைத்தும் நூலின் இறுதியில் தனிக் கோப்பாக நின்றன. அக்கோப்பின் பெயரில் இடைவெளி இருந்தமையைக் கருவி எச்சரிக்கையாகக் காட்டிற்று. வெளியிடுதற்கு முந்திய நாள் மாலை, குழுவினர் ஒருவர் பெட்டியை அவிழ்த்துக் கோப்பின் பெயரை மாற்றி, மீண்டும் சாதாரணமாகக் கட்டிவிட்டார். மறுநாட் காலையிற் சோதித்தபோது திரை நிரம்பப் பிழை! ஒரே ஓர் எச்சரிக்கை இருந்த இடத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பிழைகள் நின்றன. கடைக்குச் செல்லவேண்டிய நாள் அதுவே.

அப்பொழுது நாம் செய்தது யாது? 'குறிப்புக்களுக்குச் செல்லும் இணைப்புக்களை யெல்லாம் நீக்கிவிட்டால் கருவி பேசாது' என்று ஒருவர் கூறினார். அதுவே நன்று என்று நாமும் இசைந்தோம். தேடி மாற்றும் வசதியால் இணைப்புக்கள் ஓர் இமைப்பில் மறைந்தன. வெறும் எண்கள் வாக்கியத்தின் நடுவே நின்றன. பெட்டியை ஒரு மென்பொருளைக்கொண்டு மறுபடி கட்டினோம். பிழையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை என்று கருவி நற்சாட்சி கூறிற்று. நூலும் வெளிவந்தது.

சின்னாட் கழித்து நம் கலாசாலையின் பழைய மாணாக்கர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. முதுமையிற் பார்வை இழந்தவர். திரைவாசிப்பான் உரக்கப் படிக்கக் கேட்டே நூல்களை அறிபவர். தாம் மாணவராயிருந்த நாளிற் படித்த கட்டுரைகளை மீண்டும் கேட்கலாம் என்னும் ஆவலோடு நூலைத் திறந்தாராம். வாக்கியத்தின் நடுவே 'ஏழு' என்றும் 'இருபத்துமூன்று' என்றும் குரல் சொல்கின்றது. அஃது யாது எண் என்று விளங்கவில்லை. குறிப்பு என்று ஊகித்த பின்னரும், ஆண்டுச் சென்று மீள வழியில்லை. இணைப்பு இருந்திருப்பின் 'இணைப்பு' என்று குரல் அறிவித்திருக்கும். ஒரு விசையால் குறிப்புக்குச் சென்று, மற்றொரு விசையால் விட்ட இடத்திற்கு மீண்டிருப்பார். கண்ணுடையார்க்கு நாம் செய்தது சிறு இடையூறு. அவர்க்கோ வாயிலை அடைத்தலாயிற்று. கடிதத்திற் கோபம் ஒரு சொல்லும் இல்லை. 'குறிப்புக்கள் விடுபட்டனவோ?' என்று மட்டுமே வினவியிருந்தார்.

அதன்பின் முதற்படியை எடுத்து, பழைய அறிக்கையை மேலிருந்து படித்தோம். முன்னரே செய்திருக்க வேண்டிய செயல் அது. தலையில் நின்ற பிழை, மைம்டைப் கோப்பு முதலாவதாக இல்லை என்பது. சாதாரணமாகக் கட்டியதன் பயன். அடுத்தது, பட்டியல் சொல்லும் குறிப்புக் கோப்பு பெட்டியில் இல்லை என்பது. அதன் கீழ் நின்றவை யெல்லாம், சுட்டிய கோப்பைக் காணோம் என்னும் ஒரே புலம்பலின் நூறு எதிரொலிகளே. கோப்பின் பெயரை மாற்றியவர் பட்டியலிலும் இணைப்புக்களிலும் அதனை மாற்ற மறந்தார், அவ்வளவே. பழம்பெயரைப் புதுப்பெயராக எங்கும் மாற்றி முறைப்படி கட்டுதற்குக் கால் மணி நேரமும் ஆகவில்லை.

ஆதலின் அறிக்கையைக் கண்டு மலைப்பவர்க்கு நாம் கூறுவது: பிழைகளை எண்ணாதீர், முதற் பிழையைப் படியுங்கள். அதனைத் தீர்த்து மறுபடியும் சோதியுங்கள். எக்ஸ்எம்எல் என்னும் குறிமுறையில் திறந்த குறி ஒன்றை மூடாது விட்டால், அதற்குப் பின் வரும் செம்மையான வரிகளும் குற்றமுடையனவாகத் தோன்றும். ஒரு வணிகக் கழகத்தின் பெயரில் '&' என்னும் குறியை அப்படியே எழுதிவிட்டால், அவ்வத்தியாயத்தை மேலும் படிக்க இயலாதென்று கருவி கைவிரித்துவிடும்; அதற்கென வகுத்த மாற்றுக் கோவையையே எழுதுதல் வேண்டும். பிழை எண்ணையும் வரி எண்ணையும் கருவி தருகின்றது. ஆயின் அது காட்டும் வரி பிழை வெளிப்பட்ட இடமேயன்றிப் பிழை பிறந்த இடம் அன்று. மூடாத குறி பல வரிகளுக்கு முன் கிடக்கலாம்.

மற்றொன்று. பிழையை மின்னூலில் மட்டும் திருத்தி, அதனை ஈன்ற மூலப்படியைத் திருத்தாது விடுதல் நம்மவர்க்கு இயல்பாய்விட்டது. அடுத்த பதிப்புக்கு மூலப்படியினின்று மீண்டும் மின்னூல் எடுக்கும்போது பழம்பிழை அனைத்தும் புதிதாய் வந்து நிற்கும். திருத்தியவரோ அதற்குள் பட்டம் பெற்றுப் போயிருப்பார்.

'மாணவர்க்குக் காலம் எங்கே? வாசிக்கும் செயலிகள் பல இப்பிழைகளைப் பொறுத்துக்கொள்கின்றனவே' என்பாருமுளர். ஒரு செயலி பொறுத்ததை மற்றொன்று பொறாது. உம் கைப்பேசியில் நன்றாகத் திறந்த அத்தியாயம் பிறர் கருவியிற் பாதியில் நின்றுவிடக் கூடும். எனினும் அவர் கூற்றில் ஓர் உண்மை உளது. எச்சரிக்கை அனைத்தையும் கட்டளையாகக் கொள்ளுதலும் பேதைமையே. கோப்பின் பெயரில் இருந்த அவ்விடைவெளியை வெளியிடும் முன்னாள் மாலையிலே தொடாது விட்டிருப்பின் நமக்கு இத்துன்பம் நேர்ந்திராது. சோதனையை இறுதி நாளுக்கு ஒதுக்காது, முதல் அத்தியாயம் அமைந்த அன்றே தொடங்கி நாடோறும் செய்வார்க்கு, எதனைத் தீர்ப்பது எதனை விடுவது என்று அமைதியாய் எண்ணுதற்கு இடமுண்டு.

இனி, கருவியின் நற்சாட்சியே முடிவு எனக் கொள்வாரை நோக்கி ஒரு சொல். நம் நூலின் மொழியை ஆங்கிலம் என்று மென்பொருள் தானே குறித்திருந்தது. கருவி அதனை ஏற்றுக்கொண்டது. ஆங்கிலமும் ஒரு மொழியே யன்றோ? அப்பெரியாரின் திரைவாசிப்பானோ ஆங்கிலக் குரலை எடுத்துக்கொண்டு, தமிழெழுத்தைக் கண்டு வாயடைத்துப் போயிற்று. தமிழ்க் குரலை அவரே தேடித் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. யூனிகோட் முறைக்கு முற்பட்ட பழைய எழுத்துருக்களில் தட்டிய கட்டுரைகள் இதனினும் கொடியவை. அவற்றில் உள்ளே கிடப்பவை பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்களே. தமிழ் வடிவம் மேலே போர்த்த போர்வை. கருவி குறை காணாது. எழுத்துருவை நீக்கியவுடன் பொருளற்ற எழுத்துக் குப்பையே எஞ்சும்.

இவ்வகையில் தமிழுக்கே உரிய குற்றங்களும் உள. எகரமும், ஏழு என்னும் எண்ணின் பழந்தமிழ்க் குறியும் கண்ணுக்கு ஒன்றே, கணிப்பொறிக்கு வெவ்வேறு. அச்சுப் பக்கத்தைப் படமெடுத்து எழுத்தாக்கும்போது 'என்று' என்பதன் முதலெழுத்து எண்ணாக மாறிப் புகுந்துவிடும். ஔகார உயிர்மெய்யின் பிற்குறிக்கு ஈடாக ளகரத்தைத் தட்டுதலும் உண்டு. 'மௌனம்' என்பதை அங்ஙனம் தட்டினால் கண் ஏமாறும், காது ஏமாறாது, சொல்லைத் தேடினால் அகப்படவும் செய்யாது. இவற்றையெல்லாம் ஈபப்செக் அறியாது. டெய்சி கூட்டமைப்பினரின் ஏஸ் என்னும் மற்றொரு கருவி, படங்களுக்கு விளக்கம் உண்டா என்பது போன்றவற்றை நோக்கும். அவ்விளக்கம் படத்துக்குப் பொருந்துமா என்பதை அதுவும் சொல்லாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் மின்னூல்கள் பார்வையற்றோர்க்கும் பயன்படுவனவாதல் வேண்டும் என்னும் சட்டம் 2025-ஆம் ஆண்டு ஜூன் 28 முதல் நடைமுறையில் உளது. நம் சிறு நூல் ஆண்டுச் செல்லப் போவதில்லை. எனினும் கருத்து நமக்கும் உரியதே.

திருத்திய பதிப்பை அப்பெரியாருக்கு அனுப்பினோம். இம்முறை அச்சிட்டார் அச்சுப்படி அனுப்புவதுபோல், வெளியிடுமுன்னரே அனுப்பி, கேட்டுச் சொல்லுமாறு வேண்டினோம். ஒரு வாரத்தில் மறுமொழி வந்தது. இணைப்புக்கள் நன்கு செல்கின்றனவாம். குரலும் தமிழில் வருகின்றதாம். மூன்றாங் கட்டுரையில் ஓரிடத்தில் மட்டும் 'என்றார்' என வரவேண்டியது 'ஏழு ன்றார்' என்று ஒலிக்கின்றதாம். கருவி இருமுறையும், நம்மில் நால்வர் கண்ணும் கடந்து சென்ற வரி அது. அவ்வோர் எழுத்தை மூலப்படியிலும் மின்னூலிலும் மாற்றி, மறுபடி சோதித்து, அன்றிரவே வெளியிட்டோம்.