கம்ப்யூட்டர் போட்ட படமாம்!

டிஸ்கி: நான் ஓவியன் இல்லை. பி.காம். படித்துவிட்டு பேங்க்கில் வவுச்சர் சரிபார்க்கும் ஆசாமி. ஆனாலும் வயிற்றெரிச்சல், எழுதாமல் முடியாது.

இங்கே புனேயில் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பொங்கலுக்கு ஓவியப் போட்டி வைத்தார்கள். தலைப்பு 'எங்கள் ஊர்'. வீட்டிலேயே வரைந்து வரலாம், எதில் வரைய வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது. ஒன்பதாவது படிக்கும் என் பெண், மாயவரத்தில் அவள் பாட்டி வீட்டுத் திண்ணையை வரைந்தாள். வீட்டை விற்றாகிவிட்டது. அவள் அங்கே போனதே மூன்று முறைதான். கிரிட்டாவில் வரைந்து, கெட்டி பேப்பரில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தோம். நடுவராக வந்த பெரியவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது கம்ப்யூட்டர் போட்ட படம். கையால போட்டது இருந்தா கொண்டாங்க" என்று ஓரமாக வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் டேப்லெட்டை பீரோவுக்குள் வைத்தவள், இன்னும் எடுக்கவில்லை.

ஐயா, கம்ப்யூட்டர் என்ன போட்டது என்று நான் சொல்கிறேன்.

வாட்டர்கலர் காயும்போது நிறம் ஓரத்துக்கு ஒதுங்கிக் கருக்கும். அந்த ஓரத்தையும் பேப்பரின் சொரசொரப்பையும் பிரஷ் செய்து கொடுக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். ரெபெல் மாதிரி மென்பொருளில் தண்ணீர் ஓடுவதைக்கூட கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். காசில்லாமல் கிடைக்கும் கிரிட்டாவின் வாட்டர்கலர் பிரஷ்களில் தண்ணீர் அப்படி ஓடாது. எங்கே கசிய வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் கைதான்.

அப்புறம் லேயர். இதைத்தான் எல்லோரும் ஏதோ திருட்டு வேலை மாதிரி பேசுகிறார்கள். கண்ணாடித் தாள்களை அடுக்கின மாதிரி, அவ்வளவுதான். என் பெண் வண்ணத்துக்கெல்லாம் 'மல்டிப்ளை' என்று வைத்திருந்தாள். நம்ம பாஷையில் சொன்னால் பெருக்கல்: வெள்ளை 1, கறுப்பு 0. கீழே 0.8, மேலே 0.5 என்றால் விடை 0.4. எத்தனை லேயர் போட்டாலும் இருட்டத்தான் செய்யும், வெளுக்காது. அசல் வாட்டர்கலரும் அப்படித்தானே? வெளிச்சம் வேண்டுமென்றால் பேப்பரை விட்டுவைக்க வேண்டும். மேலே ஒரு சாதாரண லேயர் போட்டு வெள்ளையைப் பூசியிருந்தால் அஞ்சு நிமிஷ வேலை. அவள் பூசவில்லை. திண்ணையில் விழுந்த வெயில் முழுக்க, முதல் நாளே அவள் தொடாமல் விட்ட இடம்.

அன்டூ இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அது கெடுதலும்தான். பேப்பரில் ஒரு சொட்டு தவறினால் வரும் பயம் இதில் வராது. அதனால்தான் அவளைப் பேப்பரிலும் போடச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பேரேடு போய் கோர் பேங்கிங் வந்த சமயம், "இனிமே கணக்கெல்லாம் மெஷினே போட்டுடும்" என்றார்கள். வருஷக் கடைசியில் ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்திருந்தது மெஷினா, நானா? :-)

நியாயமான சந்தேகம் ஒன்று உண்டு. இன்றைக்கு நாலு வார்த்தை தட்டினால் ஏஐ படம் கொடுத்துவிடுகிறது. நடுவர் பயந்தது அதற்கு என்றால் எனக்குக் கோபமே இல்லை. ஆனால் சந்தேகம் வந்தால் வவுச்சரைக் கேட்க வேண்டாமா? பிரிண்ட்டில் எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். அசல் ஃபைலில் பென்சில் கோடு தனி, முதல் வாஷ் தனி, தூணின் நிழல் தனி. ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கலாம். கிரிட்டா 5.0-லிருந்து வரைவதைப் பதிவு செய்யும் வசதியும் இருக்கிறது.

ஆகவே அடுத்த போட்டிக்கு இரண்டே கோரிக்கை. டிஜிட்டலுக்குத் தனிப் பிரிவு வையுங்கள், அதற்கு லேயரோடு ஃபைல் வாங்குங்கள். முடியாதென்றால் நோட்டீஸிலேயே 'பேப்பர் மட்டும்' என்று போட்டுவிடுங்கள், குழந்தைகள் பேப்பரில் போட்டுத் தருவார்கள்.

திண்ணைப் படத்தில் 14 லேயர். பென்டிரைவில் போட்டு ஆபீஸ் பையில் வைத்திருக்கிறேன். அந்தப் பெரியவர் எப்போது கூப்பிட்டாலும் கொண்டுபோய்த் திறந்து காட்டத் தயார்.