வரிச் சுமை யார் தோளில்?

தாய்லாந்தில் ஓர் ஆண்டில் 180 நாள் தங்கும் அயல்நாட்டவர், வரிச் சட்டப்படி அங்குக் குடியிருப்பவராகிவிடுகிறார். அவர் 2024 சனவரி முதல் வெளிநாட்டில் ஈட்டிய வருமானத்தை எந்த ஆண்டில் அங்குக் கொண்டுவந்தாலும் வரி உண்டு என்றாயிற்று. முன்பெல்லாம் மறு ஆண்டில் கொண்டுவந்தால் வரி இல்லை.

இதை நான் குறை கூறவில்லை. ஒரு நாட்டின் சாலையையும் காவலையும் பயன்படுத்துவோர் வரி செலுத்துவது முறையே. கணினி வழியே பிறநாட்டு நிறுவனத்துக்கு உழைப்போர்க்கென 2024 சூலையில் வந்த ஐந்தாண்டு விசாவுக்கும் இதுவே விதி.

என் வினா வேறு. ஆண்டுக்கு 80,000 டாலர் வருவாயுள்ள செல்வ ஓய்வூதியர், 2022-இல் வந்த பத்தாண்டு விசா பெற்றால், முந்தைய ஆண்டில் ஈட்டியதைக் கொண்டுவர அவருக்கு வரிவிலக்கு உண்டு. மாதம் 65,000 பாத் வருவாய் காட்டித் தங்கும் எளிய ஓய்வூதியருக்கு அவ்விலக்கு இல்லை. இரட்டை வரி ஒப்பந்தம் இருந்தால்தான் அவர் தப்புவார்.

செல்வரை அழைத்தால் முதலீடு பெருகும் என்பர். பெருகட்டும்! விசாவில் அவருக்குச் சலுகை தரலாம். ஆனால் வலிய தோளை விடுத்து மெலிந்த தோளில் சுமை ஏற்றுவது வரி அறமாகுமா? நண்பர்களே, சிந்திப்பீர்!